மாசிக்குப் பொழுது போகவேண்டும்

வீட்டில் இருந்து வேலை செய்கிற ஆளிடம் வளருகிற பூனைக்கு என்ன குறை, நாள் முழுக்க ஆள் பக்கத்திலேயே இருக்கிறதே என்று கேட்காதவர்கள் குறைவு. ஆள் இருக்கிறது, சரி. காலையில் லப்டொப்பைத் திறந்தால் பின்னேரம் வரைக்கும் அசையாமல் திரையைப் பார்த்துக்கொண்டு, இடைக்கிடை காதில் எதையோ மாட்டிக்கொண்டு யாருடனோ கதைத்துக்கொண்டு, மத்தியானச் சோற்றையும் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துச் சாப்பிடுகிற ஒரு ஆள் இருந்து பூனைக்கு என்ன பிரயோசனம்? சொல்லப்போனால் ஒருவரும் இல்லாத வீட்டில் பூனை அது பாட்டுக்குப் படுத்துத் தூங்கும். ஆள் இருந்தால் எழும்பி வந்து கேட்கும். கேட்டது கிடைக்காவிட்டால் மேசையில் இருப்பது எதையாவது தட்டி விழுத்தும், விழுத்திவிட்டு நம் முகத்தைப் பார்க்கும்.

எங்கள் வீட்டில் தட்டி விழுத்துகிறவளின் பெயர் மாசி. பழுப்பும் கறுப்புமாக வரி விழுந்து, இடித்த மாசிக் கருவாட்டின் நிறத்திலேயே இருந்ததால் அக்கா வைத்த பெயர். 2022 இல் பெற்றோல் கியூவில் நாள் கணக்காக நின்ற அத்தானின் காருக்குக் கீழால் ஏறி, என்ஜினுக்குப் பக்கத்தில் ஒளித்திருந்து கத்திக்கொண்டிருந்த குட்டி. பெற்றோல் கிடைத்ததோ இல்லையோ, அத்தான் இதைக் கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் அவளது இராச்சியம்.

வெளியே விடுவதில்லை. விடச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து போன் எடுக்கும்போதெல்லாம் இதைத்தான் சொல்லுவா. "பூனையை வீட்டுக்கை பூட்டி வைச்சுக்கொண்டு, பிறகு அதுக்குப் பொழுது போகேல்லையெண்டு நீ கவலைப்படுறாய். கதவைத் திறந்து விடன் பிள்ளை." அங்கே வளவும் வேலியும் கிணற்றடியும் இருக்கிறது, பூனை போய்விட்டுப் பசித்தால் வரும். இங்கே ஒரு பக்கம் காலி வீதி பஸ், மற்றப் பக்கம் மரைன் டிரைவ், அதற்கும் அங்காலே கரையோர ரயில் பாதை. நடுவில் தெருநாய்கள். விசர்நாய்க்கடி நோய் இந்த நாட்டை விட்டு இன்னும் போகவில்லை, அது நாயோடு மட்டும் நிற்கிற நோயும் இல்லை, கடிபட்ட பூனைக்கும் வரும், பூனை கடித்தால் மனிதருக்கும் வரும். ஆகவே ஊசி போட்டும் வீட்டோடு வைத்திருக்கிறேன். அப்படி வைத்திருப்பதென்று முடிவெடுத்தால், வெளியே அதற்குக் கிடைத்திருக்கக்கூடியதில் ஒரு பங்கையாவது உள்ளே கொடுக்க வேண்டும். என் கணக்கில் அந்தப் பங்கு வேட்டை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பூனை ஒரு நாளில் பன்னிரண்டு முதல் பதினாறு மணித்தியாலம் வரை தூங்கும். முழித்திருக்கிற நேரத்தில் அதன் உசார் விடிகிறபோதும் பொழுதுபடுகிறபோதும்தான் உச்சம். கொழும்பில் சூரியன் உதிப்பதும் மறைவதும் வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டித்தான் என்பதால் மாசியின் மணிக்கூடு பிந்துவதும் இல்லை, முந்துவதும் இல்லை. விடியற்காலை பள்ளிவாசல் பாங்குச் சத்தத்தோடு எழும்புவாள். பின்னேரம் வெயில் தணிந்து, ஒபிஸ் ரயில்கள் ஆட்களைத் தொங்கவிட்டுக்கொண்டு தெற்குப் பக்கம் போகத் தொடங்கும்போது திரும்பவும் எழும்புவாள். நான் வேலை செய்கிற ஒன்பதில் இருந்து ஐந்து வரை அவளுடைய நடுச்சாமம். இதை யோசித்துப் பார்த்தால் பாதிக் கவலை தீர்ந்துவிடும், ஏனென்றால் வேலை நேரம் முழுக்கப் பூனையோடு மாரடிக்கத் தேவையே இல்லை. வேலை தொடங்க முன் கொஞ்சம், முடிந்த பிறகு கொஞ்சம், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கொஞ்சத்தை ஒழுங்காகக் கொடுக்க வேண்டும். ஒரு கையில் போனை வைத்துப் பார்த்துக்கொண்டு மறு கையால் எதையாவது ஆட்டுவதைப் பூனை விளையாட்டாகவே எடுக்காது.

விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கலாம், விலையைப் பார்த்தால் வேண்டாம் என்றாகிவிடும். டொலர் ஏறிய காலத்தில் பூனைச் சாப்பாட்டோடு சேர்ந்து ஏறிய விலைகள் பிறகு முழுதாக இறங்கவில்லை. எனக்கு ஈர்க்கு போதும். தென்னோலையில் இருந்து கிழித்தெடுத்த நீளமான பச்சை ஈர்க்காக இருந்தால் நல்லது, விளக்குமாற்றில் இருக்கிற காய்ந்த ஈர்க்கு கெதியாக முறிந்துவிடும், முறிந்த முனை கண்ணில் குத்தும். இரண்டு ஈர்க்கைச் சேர்த்துக் கட்டி, நுனியில் பழைய பருத்திச் சேலைக் கரையில் கிழித்த ஒரு துண்டை முடிந்துவிட்டால் சரி. சேலைத் துண்டு அவள் வாயில் கடிக்க வாகாக, சின்ன எலி அளவில் இருக்க வேண்டும்.

இனி அதை ஆட்டுகிற விதம். அனேகமானோர் துணியைப் பூனையின் மூக்குக்கு நேரே கொண்டுபோய் ஆட்டுகிறார்கள். எந்த எலி பூனையின் முகத்துக்கு நேரே வந்து நடனமாடும்? பூனைக்குத் தன் மூக்குக்குக் கிட்ட ஒரு சாண் தூரத்துக்குள் இருப்பது தெளிவாகத் தெரியாது, அங்கே மீசையாலும் மணத்தாலும்தான் வேலை பார்க்கும். (மூக்கடியில் போட்ட நெத்தலித் துண்டைக் காணாமல் அது தேடுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.) ஆகவே நான் துணியைத் தூரத்தில் வைத்து, அவளைவிட்டு விலகிப் போகிற மாதிரி இழுப்பேன். செற்றிக் காலைச் சுற்றி மெல்ல இழுத்துக்கொண்டுபோய், கால்மிதிக்குக் கீழே பாதியை நுழைத்துவிட்டு, நிறுத்துவேன். அந்த நிறுத்தம்தான் விளையாட்டின் உயிர். ஓடும்போது பூனை பார்த்துக்கொண்டிருக்கும், நின்றவுடன் அதற்குள் ஏதோ ஒன்று முறுக்கேறும். முதலில் காதுகள் இரண்டும் முன்னுக்குத் திரும்பும். பிறகு கண்மணி விரிந்து விரிந்து, பச்சைக் கண் முழுக்கக் கறுப்பாகும். தாடை நிலத்தோடு ஒட்டும், பின்பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு இடமும் வலமும் ஆடும், வால் நுனி துடிக்கும். இந்தக் கட்டத்தில் துணியை ஒரு விரல் அளவுக்கு அசைத்தால் போதும், கால்மிதியும் துணியும் மாசியும் ஒன்றாகச் சுவரில் போய் மோதுவார்கள்.

பிடிக்க விட வேண்டும். இதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் கடைசி நொடியில் இழுத்துப் பறித்துக்கொண்டே இருந்தால் பூனை கொஞ்ச நேரத்தில் எழும்பிப் போய்விடும், அல்லது கோபம் நம் காலில் தீரும். மூன்று பாய்ச்சலுக்கு ஒரு பிடியாவது கிடைக்கட்டும். பிடித்ததைக் கடித்து, முன்னங்காலால் கட்டிப்பிடித்து, பின்னங்காலால் உதைத்து உரிக்கிற கூத்தை முழுதாகச் செய்யட்டும். அப்புறம் வேகத்தைக் குறைத்து, துணி சாகிற மாதிரி மெதுவாகத் துடித்து அடங்கவிட்டு, உடனே சாப்பாட்டுத் தட்டை வைக்க வேண்டும். பார்த்து, பதுங்கி, பாய்ந்து, கடித்து, தின்று, நக்கித் துப்பரவாக்கி, தூங்குவது என்பதுதான் பூனையின் ஒழுங்கு, இடையில் வெட்டினால் மிச்சம் அதன் உடம்புக்குள்ளேயே நின்றுவிடும். மாசிக்கு நான் உப்பில்லாமல் அவித்த பச்சை நெத்தலி இரண்டு மூன்று வைத்துவிட்டு, பிறகு வழக்கமான சாப்பாடு கொடுப்பேன். தின்றதும் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நக்கத் தொடங்குவாள், நக்கிக்கொண்டே கண் சொருகும். நான் லப்டொப்பைத் திறப்பேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு விளையாடாமல் முன்னால் விளையாடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பசி இருக்கிற பூனை கூடுதல் மும்முரமாக விளையாடும் என்பதை இங்கிலாந்தில் ஜோன் பிராட்ஷோ என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1998 இல் எழுதியிருக்கிறார்கள். அதே ஆட்கள் 2002 இல் இன்னொன்றையும் காட்டினார்கள். ஒரே சாமானைத் திரும்பத் திரும்பக் காட்டினால் பூனைக்கு அதில் ஆசை விட்டுப்போகிறது, ஆனால் விளையாடுகிற ஆசை விட்டுப்போகவில்லை, சாமானை மாற்றிக் கொடுத்தவுடன் முதலில் விளையாடியதைவிடவும் உசாராக விளையாடுகிறது. வீடு முழுக்கப் பூனைச் சாமான் இறைந்து கிடந்தும் பூனை ஒன்றையும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று குறைப்படுகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். என் வீட்டில் எல்லாமே அலுமாரிக்குள். பிங்பொங் பந்து, உள்ளே நாலு அரிசி போட்டு மூடி இறுக்கிய சின்ன போத்தல், பேப்பர் உருண்டை, அக்காவின் மகள் பின்னிக் கொடுத்த கம்பளி எலி. வெளியே ஒன்றோ இரண்டோதான் இருக்கும். திங்கட்கிழமை உள்ளே போனது அடுத்த வாரம் வெளியே வந்தால் அவளுக்கு அது புதுச்சரக்கு.

லேசர் வெளிச்சத்தைப் பற்றிக் கேட்பார்கள். மின்வெட்டுக் காலத்தில் சுவரில் டோர்ச் அடித்து விளையாட்டுக் காட்டாத வீடே இருந்திருக்காது, குட்டிகள் பைத்தியம் பிடித்த மாதிரி ஓடும், பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வேட்டை ஒருநாளும் கையில் சிக்காது. சில பூனைகள் வெளிச்சம் அணைந்த பிறகும் சுவரையே பார்த்துக்கொண்டு இருக்கும். காட்டுவதென்றால் கடைசியில் வெளிச்சத்தைக் கொண்டுபோய் ஒரு தீன் துண்டின் மேல் நிறுத்தி அணைத்துவிட வேண்டும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். எனக்கு ஈர்க்கே போதும்.

விடுகதை மாதிரி உள்ளே தீன் ஒளித்து வைக்கிற தட்டுகள் இப்போது பெரிய பாஷன். பூனை மூளையைப் பாவித்து எடுத்துத் தின்ன வேண்டுமாம். முட்டை வருகிற மட்டைத் தட்டின் குழிகளில் தீனைப் போட்டு, மேலே பேப்பர் உருண்டைகளை வைத்து நானும் செய்துகொடுத்தேன். மாசி இரண்டு குழியைக் கிண்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரிய ஆராய்ச்சி தேவையில்லை, ஆனாலும் செய்திருக்கிறார்கள். 2021 இல் கலிபோர்னியாவில் 17 வீட்டுப் பூனைகளுக்கு முன்னால் ஒரு சாதாரணத் தட்டையும் ஒரு விடுகதைத் தட்டையும் வைத்துப் பார்த்ததில், பெரும்பாலானவை சும்மா கிடைத்ததைத்தான் தின்றன. எலி, புறா, கோழி என்று எத்தனையோ பிராணிகள் சும்மா கிடைப்பதை விட்டு உழைத்துத் தின்ன விரும்புமாம். பூனைக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதே வருடம் இங்கிலாந்தின் தென்மேற்கில் 355 பூனைகளை வைத்து எக்ஸெற்றர் பல்கலைக்கழகம் செய்த ஆய்வு என் பக்கத்துக்கு இன்னும் வாய்ப்பு. வெளியே போய் வேட்டையாடுகிற பூனைகளோடு தினமும் ஐந்து பத்து நிமிடம் வீட்டார் விளையாடியபோது, அவை பிடித்துக்கொண்டு வந்த பிராணிகள் 25 வீதம் குறைந்தன. இறைச்சி கூடிய தீன் கொடுத்தபோது 36 வீதம் குறைந்தது. விடுகதைத் தட்டு கொடுத்த வீடுகளில் வேட்டை கூடிவிட்டது! ஐந்து பத்து நிமிடம், கவனியுங்கள். மீட்டிங் தொடங்க "இன்னும் ரெண்டு பேர் வரவேண்டியிருக்கு" என்று காத்திருக்கிற நேரம். அதற்காக முட்டைத் தட்டை எறியச் சொல்லவில்லை, கெதிகெதியாக விழுங்கிவிட்டு வாந்தி எடுக்கிற பூனைக்கு அது நல்லது. பொழுதுபோக்கு என்று அதை மட்டும் நம்ப வேண்டாம் என்கிறேன்.

அட்டைப்பெட்டியைப் பற்றி நான் சொல்லி யாருக்கும் தெரியவேண்டியதில்லை. ஒன்லைனில் வாங்கிய சாமான் எதுவாக இருந்தாலும் பெட்டி மாசிக்கு. பூனைக் காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளுக்கு ஒளிந்திருக்க ஒரு பெட்டி கொடுத்தால் அவை கெதியாகப் பயம் தெளிகின்றன என்று நெதர்லாந்தில் 2014 இல் பார்த்திருக்கிறார்கள். சித்திரைப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் இந்த ஒழுங்கையில் வெடி வெடிக்கிற வெடியில் அலுமாரிக்குப் பின்னால் போய் நசிந்துகொள்வதைவிடப் பெட்டி மேல். பக்கத்தில் இரண்டு துவாரம் வெட்டி, ஒன்றின் வழியாக ஈர்க்கை விட்டு அசைத்தால் அதுவே ஒரு தனி விளையாட்டு. பெட்டியைவிட அவளுக்குப் பிடித்தது அம்மா கொடுத்துவிட்ட பனையோலைக் கடகம். வெங்காயமும் முருங்கைக்காயும் கொண்டு வந்து இறங்கிய கடகம், இறக்கி வைத்த அன்றே கை மாறிவிட்டது. ஓரத்தை நகத்தால் பிய்த்துப் பிய்த்து இப்போது அது கடகமும் இல்லை, சுளகும் இல்லை.

நகம் என்றதும் நினைவு வருகிறது, செற்றியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் புறக்கோட்டையில் தும்புக்கயிறு வாங்கி ஒரு மேசைக்காலில் இறுக்கமாகச் சுற்றிக் கட்டுங்கள். பூனை முழுதாக நிமிர்ந்து நின்று நீட்டி இழுக்கிற உயரத்துக்கு இருக்க வேண்டும், மேசையும் ஆடக் கூடாது. தூங்கி எழும்புகிற இடத்துக்குப் பக்கத்து மேசையாக இருந்தால் இன்னும் நல்லது, எழும்பியவுடன் முதல் வேலை நகம் தீட்டுவதுதானே.

மணச் செடி விஷயத்தில் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள். கட்நிப் என்று வெளிநாட்டில் இருந்து சின்னப் பைக்கற்றில் காய்ந்த இலை வருகிறது, பூனைகளில் மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் அதன் மணத்தில் வெறி ஏறும், குட்டிகளுக்கு ஏறவே ஏறாது. நமக்குத்தான் குப்பைமேனி இருக்கிறதே. மதிலோரத்தில், கான் ஓரத்தில், ஒருவரும் நடாமலே முளைக்கிற குப்பைமேனி. அதன் வேர்தான் சங்கதி, பூனைவணங்கி என்று சித்த வைத்தியர்கள் அதற்கு இன்னொரு பெயர் வைத்திருப்பதும் சும்மா இல்லை. மேல் மாடி மாமியின் பூச்சாடியில் களையாக முளைத்ததை ஒருநாள் வேரோடு பிடுங்கி, மண்ணைக் கழுவி, ஒரு பழைய காலுறைக்குள் போட்டு முடிந்து கொடுத்தேன். மாசி முதலில் மணந்தாள், வாயை அரைவாசி திறந்துகொண்டு முட்டாள் மாதிரி ஒரு முழி முழித்தாள், பிறகு கன்னத்தை அதில் தேய்த்துத் தேய்த்து முதுகால் உருளத் தொடங்கினாள். வாயில் இருந்து எச்சில் வேறு. மாமி கைதட்டிச் சிரித்தா. "கள்ளு வெறி மாதிரியெல்லோ கிடக்கு!" கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும், பிறகு சில மணித்தியாலத்துக்கு அதையே திரும்பக் கொடுத்தாலும் கவனிக்காது. தின்னக் கொடுப்பதில்லை, முடிச்சுக்குள்ளேயே இருக்கட்டும், முடிந்ததும் எடுத்து வைத்துவிடுவேன். தினமும் கொடுத்தால் மவுசு போய்விடும்.

பூனைகள் ஏன் இப்படி உருளுகின்றன என்பதற்கு 2021 இல் ஜப்பானில் இவாத்தே பல்கலைக்கழகத்தார் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். அவர்கள் பார்த்தது குப்பைமேனியை அல்ல, அவர்கள் ஊர்ப் பூனைகளை மயக்குகிற வேறொரு கொடியை. அந்த இலையில் உருண்ட பூனையின் தலையில் நுளம்பு குறைவாகக் குந்தியது, அதுவும் ஏடிஸ் நுளம்பு. கொழும்பில் இதைப் படிக்கிறவர்கள் யாரும் ஒரு நிமிடம் யோசிக்காமல் இருக்க மாட்டார்கள். டெங்குக்காக வீடு வீடாக வருகிறவர்கள் பூச்சாடித் தட்டில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பதோடு, இனிப் பூனை ஒழுங்காக உருண்டதா என்றும் பார்க்கலாம்.

யன்னலைப் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுத வேண்டும், ஏனென்றால் நான் வேலை செய்கிற நேரத்தில் மாசி முழித்துக்கொண்டால் என் இடத்தில் நிற்பது அதுதான். யன்னலோரம் ஒரு கதிரையைப் போட்டு, மேலே கடகத்தை வைத்திருக்கிறேன். காலையில் எதிர்வீட்டுக் கூரையில் காகம் பாண் துண்டை ஓட்டு மடிப்புக்குள் ஒளித்து வைக்கும், வேறொரு காகம் வந்து களவெடுக்கும், இந்த நாடகம் தினமும் உண்டு. மாமரத்தில் அணில். பங்குனி சித்திரையில் குயில் விடாமல் கூவும், அவளுக்கு அது எங்கே இருக்கிறதென்று பிடிபடாமல் தலையைத் திருப்பித் திருப்பிக் களைத்துப்போவாள். பத்து மணி போல மீன்காரரின் "மாளு, மாளு" சத்தம், அதற்குக் காது மட்டும் திரும்பும். பின்னேரம் பீத்தோவனின் பியூர் எலிஸ் மெட்டை அலறவிட்டுக்கொண்டு, தெருத் தெருவாகப் பாண் விற்கிற சூன் பாண் ஓட்டோ வரும், அதைக் கேட்டால் அவள் யன்னலை விட்டு இறங்கி உள்ளே போய்விடுவாள், இசை ரசனை அவ்வளவுதான். பொழுதுபட்டால் வௌவால். காகத்தைப் பார்த்துப் பல்லை நறநறவென்று அடித்து ஒரு விசித்திரமான சத்தம் போடுவாளே, அது கோபமா ஆசையா என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை.

யூடியூபில் பூனைகளுக்கென்றே மணித்தியாலக் கணக்கில் பறவை வீடியோக்கள் இருக்கின்றன. ஒபிசுக்குப் போகிற நாட்களில் போட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்கிறார்கள். மாசி கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு டிவிக்குப் பின்னால் போய்த் தேடினாள், அங்கே வயரும் தூசும்தான் இருந்தன, அதோடு சரி. டிவியை ஒழுங்காகச் சுவரோடு பூட்டாத வீடுகளில் இதைச் செய்யாமல் விடுவது டிவிக்கு நல்லது.

ஆனால் யன்னலைத் திறந்து விடுவதென்றால் வலை வேண்டும். மாடியில் இருந்து விழுந்தாலும் பூனை தப்பிவிடும் என்று ஒரு தைரியம் பலருக்கு. நியூயோர்க்கில் மாடிகளில் இருந்து விழுந்து சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்ட 132 பூனைகளில் 90 வீதம் பிழைத்ததாக 1987 இல் வந்த கட்டுரைதான் அதற்குக் காரணம். விழுந்த இடத்திலேயே செத்ததை யார் வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போவார்கள்? அவை அந்தக் கணக்கில் இல்லை. பிழைத்ததிலும் கால் முறிந்தது, நெஞ்சு அடிபட்டது, தாடை உடைந்தது ஏராளம். காகத்தின் மேல் கண் வைத்த பூனைக்கு மூன்றாம் மாடி என்பது தெரியாது. சாதாரண நுளம்பு வலையை நகத்தால் கிழித்துவிடும். இங்கே கடற்காற்றில் இரும்பு வலை கெதியாகத் துருப்பிடித்துப் பொடியாகும். நைலோன் மீன்வலையைப் பல்கனியில் கட்டினால் கட்டடத்தின் வெளித்தோற்றம் கெட்டுவிடுகிறதென்று நிர்வாகத்தில் இருந்து கடிதம் வரும், எங்களுக்கு வந்தது. ஆகவே உள்பக்கமாகச் சட்டம் அடித்து, துருப்பிடிக்காத எஃகு வலை. செலவுதான், ஆனால் ஒருமுறைச் செலவு.

வேலை நேரத்துக்கு வருவோம். கீபோர்டின் மேல் வந்து படுப்பதற்குச் சூடும் ஒரு காரணம், நம் கண் அங்கே இருப்பது மற்றக் காரணம். தூக்கி இறக்கினால் அதையே விளையாட்டாக எடுத்துத் திரும்ப வரும். நான் பக்கத்துக் கதிரையில் ஒரு துவாயை மடித்து வைத்து, அதில் அவள் படுத்திருக்கும்போது மட்டும் இடைக்கிடை தலையைத் தடவுவேன். மேசையில் ஏறினால் பேச்சு வார்த்தை இல்லை, பார்ப்பதும் இல்லை. கத்தும்போது எழும்பிப் போய் ஏதாவது கொடுத்தோம் என்றால், கத்தினால் கிடைக்கும் என்று படித்துவிடும், பூனைக்கு அந்தப் பாடம் ஒரே நாளில் ஏறும். இப்போது மாசி கதிரையில்தான். மீட்டிங்கில் யாராவது கனநேரம் கதைத்தால் மட்டும் வாலைக் கமராவுக்குக் குறுக்கே நீட்டுவாள், அது எனக்கும் உடன்பாடான கருத்து என்பதால் தடுப்பதில்லை.

உயரமும் வேண்டும் பூனைக்கு. அலுமாரியின் மேலே இருந்த சூட்கேசுகளைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, அந்த இடத்தை அவளுக்கு விட்டாயிற்று. பக்கத்தில் புத்தகத் தட்டு, அதில் ஏறி அங்கே தாவலாம். சதுர அடி விலை ஏறிக்கிடக்கிற வெள்ளவத்தையில் வாடகை இல்லாமல் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான்.

விளையாட்டுக்கு ஆகாதவை சிலது உண்டு. தையல்நூல், பரிசுப்பெட்டி றிபன், தலைமயிர் கட்டுகிற ரப்பர், சரிகை இழை. பூனையின் நாக்கில் முள் பின்னோக்கி இருப்பதால் வாய்க்குள் போன நூலைத் துப்ப வராது, விழுங்கத்தான் வரும், குடலில் மாட்டினால் சத்திரசிகிச்சை. ஈர்க்கு விளையாட்டு முடிந்ததும் நான் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவதும் இதனால்தான். பூக்கொத்தில் லில்லி வந்தால் வீட்டுக்குள்ளேயே எடுக்காதீர்கள், அதன் மகரந்தம் உரோமத்தில் பட்டு நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். கற்பூரமும் தைலங்களும் கைக்கெட்டாத இடத்தில். இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது, மாசி விழுங்கப் பார்த்து நான் வாயில் இருந்து பிடுங்கியது பொட்டு ஒட்டுகிற பிளாஸ்டிக் தாள். எதைத்தான் ஒளித்து வைப்பது.

தனியாக இருக்கிறதே, துணைக்கு இன்னொரு பூனை எடு என்கிறவர்களுக்கு என் பதில், அது மாசிக்குத் துணையா எனக்கு வேலையா என்பதை முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. குட்டியில் இருந்து சேர்ந்து வளர்ந்தால் ஒன்று. வளர்ந்த பூனையின் வீட்டுக்குள் இன்னொன்றைக் கொண்டுவந்து விடுவது வேறு. தீன் தட்டும் மணல் தட்டும் தனித்தனியாக வேண்டும், இந்த பிளாட்டில் எனக்கே தனியாக ஒன்றும் இல்லை.

தைப்பொங்கலுக்கு யாழ்ப்பாணம் போனபோது மேல் மாடி மாமியிடம் சாவியைக் கொடுத்து, விடிய இப்படி, பின்னேரம் இப்படி, ஈர்க்கை இந்த மாதிரி இழுக்க வேண்டும், கடைசியில் நெத்தலி என்று ஒரு தாளில் எழுதியும் வைத்துவிட்டுப் போனேன். மாமிக்கு முழங்கால் வருத்தம், குனிந்து நிமிர்ந்து ஈர்க்கு ஆட்டுகிற ஆள் இல்லை. ரயிலில் இருக்கும்போதே குரல் செய்தி வந்துவிட்டது. "பிள்ளை, நீ எழுதினதெல்லாம் வாசிச்சனான். எனக்கு அது சரிவராது. உன்ரை பூனை குசினிச் சுவரிலை ஒரு பல்லியைக் கண்டுபிடிச்சிருக்கு. அதுவும் மேலை, இதுவும் கீழை, ரெண்டும் ஒண்டையொண்டு பாத்துக்கொண்டு இருக்குதுகள். நான் கதிரையைப் போட்டு இருந்து ரெண்டையும் பாக்கிறன். நீ ஆறுதலா வா."